சாவி யார் கையில்? காத்மாண்டுவிலிருந்து முக்திநாத் வரை

திங்கள், காத்மாண்டு

பௌத்த ஸ்தூபி இருக்கும் சுயம்புநாத் மலைக்குக் கிழக்குப் பக்கமாக ஏறினால் 365 படிகள். அத்தையின் முழங்காலை நினைத்து, மேற்கு வாசல் வரை வண்டியில் போய்விடலாம் என்றேன். "இதற்கே சுணங்கும் கால் முக்திநாத்துக்கு எப்படி ஏறும்?" என்று கேட்டுவிட்டு முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

அத்தை ஸ்ரீரங்கத்துக்காரர். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போக முடியாதவை. மற்றவற்றில் அவருக்குப் பாக்கி இருப்பது திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், அதாவது முக்திநாத் மட்டும்தான். அவருக்குத் துணையாக வந்தவள் நான். ஆனால் எனக்கு வேறொரு ஆவலும் உண்டு. ஒரே சந்நிதியில் இந்துவும் பௌத்தரும் தினந்தினம் எப்படி வழிபட்டுக்கொள்கிறார்கள், அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

படி முடிகிற இடத்தில் பெரிய வஜ்ராயுதம் ஒன்று வட்டப் பீடத்தின் மேல் கிடக்கிறது. பொன்முலாம் பூசிய அந்த வஜ்ரத்தை அங்கே வைத்தவர் 17ஆம் நூற்றாண்டில் காத்மாண்டுவை ஆண்ட பிரதாப மல்லர். தலேஜு அம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட இந்து அரசர் அவர். நாங்கள் ஏறி வந்த படிக்கட்டும் அவர் திருப்பணிதான். ஸ்தூபியின் இரு பக்கமும் பிரதாபபுரம், அனந்தபுரம் என்று இரண்டு சிகரக் கோயில்களையும் அவர் எழுப்பினார். அனந்தபுரம் 2015 நிலநடுக்கத்தில் சரிந்து விழுந்தது.

ஸ்தூபியை வலம் வந்தால் வடமேற்கில் சின்னதாக இரண்டடுக்குக் கூரையுடன் ஹாரதி கோயில். ஸ்தூபியைவிட அங்கேதான் கூட்டம். இளம் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு வரிசையில் நிற்கிறார்கள். தட்டில் அவல், தயிர், அவித்த முட்டை, சிவப்புத் தூள், பூ. பௌத்தக் கதையில் ஹாரதி ராஜகிருகத்துக் குழந்தைகளைத் தின்ற யட்சிணி. ஐந்நூறு பிள்ளைகளுக்குத் தாயான அவளுடைய கடைக்குட்டியை புத்தர் தம் பிச்சைப் பாத்திரத்துக்குள் ஒளித்து வைத்தார். பிள்ளையைக் காணாமல் தவித்த பிறகுதான் மற்றத் தாய்மார்களின் வேதனை அவளுக்குப் புரிந்தது. அன்றுமுதல் குழந்தைகளின் காவல் தெய்வமானாள். இந்துக்கள் அதே அம்மனை அம்மை நோய்க்கு அதிபதியான சீதளா என்று கும்பிடுகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்கள் பாட்டி என்ற உரிமையோடு அஜிமா என்கிறார்கள்.

பூசை செய்பவர் பௌத்தப் பூசகர். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் இந்து. கழுத்தில் மணமான இந்துப் பெண்கள் அணியும் பச்சைப் பாசிமணித் திலஹரி. பூசகர் அவளிடம் குலமோ கோத்திரமோ கேட்கவில்லை. குழந்தையின் நெற்றியில் செந்தூரத்தைத் தேய்த்தார், தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து அதன் தலையில் வைத்தார், அடுத்த தட்டை வாங்கினார். அந்த வேலை ஓடுகிற வேகத்திலேயே அதன் பழமை தெரிகிறது.

இறங்கும்போது சோபார் மலை இடுக்கு இருக்கும் திசையைக் காட்டினார்கள். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் வாளால் மலையைப் பிளந்து நீரை வடியச் செய்தார் என்பது பௌத்தர்களின் தலபுராணம். பிளந்தவர் கிருஷ்ணர் என்று இந்துக்கள் சொல்வதும் உண்டு. இங்கே ஏரி இருந்ததை நிலவியலும் ஒப்புக்கொள்கிறது.

செவ்வாய், காத்மாண்டு

விடிந்ததும் அசன் சந்தை வழியாக நடந்து ஜன பஹாலுக்குப் போனோம். பித்தளைக் கடைகளுக்கு இடையே ஒரு வாசல். உள்ளே நுழைந்தால் முற்றம் முழுவதும் சைத்தியங்கள், புறாக்கள், வெண்ணெய் விளக்குப் புகை. நடுவில் கருணாமயர் கோயில். வெள்ளை முகம், பாதி மூடிய கண்கள். பௌத்தர்களுக்கு அவலோகிதேஸ்வரர், இந்துக்களுக்கு வெள்ளை மச்சேந்திரநாதர், நாத சித்தர்களின் ஆதிகுரு. கூரைக்குக் கீழே சுற்றிலும் லோகேஸ்வரரின், அதாவது அதே அவலோகிதேஸ்வரரின், 108 வடிவங்களை ஓவியமாக மாட்டியிருக்கிறார்கள். 108 என்றதும் அத்தை கழுத்தை நிமிர்த்தி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வாசலில் குத்துவிளக்கு விலை கேட்கப்போய், கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டோம். என்னைத் தங்கை என்ற பொருளில் 'பஹினி' என்றும் அத்தையை அம்மா என்ற பொருளில் 'ஆமா' என்றும் அழைத்தார். அவர் ஸ்ரேஷ்டர், இந்து நேவார். வீட்டுக் காரியங்களுக்கு ராஜோபாத்யாயப் பிராமணர் வருகிறார். பக்கத்துக் கடை துலாதருக்கு வஜ்ராசாரியர்தான் புரோகிதர். அவரை குபாஜு என்கிறார்கள். ஆகவே சிவமார்க்கி, புத்தமார்க்கி என்று யார் யார் என்பது தெருவுக்கே தெரியும். "கருணாமயர் ரதத்தில் ஏறும்போது வடத்தை இருவரும்தான் இழுக்கிறோம். திருமணத்துக்கு அவரவர் புரோகிதர்" என்றார். வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்த வஜ்ராசாரியர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்களும் சாக்கியர்களும் பிக்குகளின் வழிவந்தவர்கள். ஆனால் மனைவி மக்களோடு விகாரையைச் சுற்றி வாழும் இல்லறத்தார். குலத்துச் சிறுவர்களுக்கு 'பரே சுயேகு' என்ற சடங்கு நடக்கிறது. தலையை மழித்து, காவி உடுத்தி, பிச்சைப் பாத்திரம் ஏந்தி நான்கு நாள் பிக்குவாக இருக்கிறான் பையன். நான்காம் நாள் சீவரத்தைக் களைந்து வீடு திரும்புகிறான். வாழ்நாள் முழுவதும் விகாரையின் உறுப்பினன். பிழைப்புக்குப் பொற்கொல்லனாகவோ சிற்பியாகவோ இருக்கலாம். குலம், புரோகிதம், தீட்சை என்று இந்து நேவார் சமூகம் எந்தச் சட்டத்தில் இயங்குகிறதோ அதே சட்டத்தில் பௌத்தமும் இங்கே வேர் பிடித்திருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒரே தெருவில் மோதாமல் நடக்க முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாலையில் குமாரி வீடு. 1757இல் ஜயப்பிரகாச மல்லர் கட்டியது. மரச் சாளரங்களின் செதுக்கு வேலையைப் பார்க்க ஒரு நாள் போதாது. வாழும் தெய்வமான குமாரி, சாக்கியர் என்னும் பௌத்தக் குலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் சிறுமி. அவள்மேல் வந்து அமர்வதோ தலேஜு, மல்ல அரசர்களின் இந்துக் குலதெய்வம். பூப்பெய்தும் வரை, அல்லது காயத்தில் இரத்தம் பெருகும் வரை அவள் தெய்வம். இந்திர ஜாத்திரைத் திருவிழாவில் அரசர் அவளிடம் நெற்றித் திலகமான டீக்கா பெற்றால்தான் அந்த ஆண்டு ஆட்சிக்கு ஒப்புதல். முடியாட்சி 2008இல் முடிந்த பிறகு குடியரசுத் தலைவர் வந்து தலை வணங்குகிறார்.

"நேபாளத்தில் எல்லாரும் ஒன்று, பேதமே இல்லை" என்று எழுதுகிறவர்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக்கி இந்துக்கள் தங்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். பௌத்தர்கள் சும்மா இருக்கவில்லை. ஹரிஹரிஹரிவாகன லோகேஸ்வரர் என்று ஒரு வடிவம் நேபாளச் சிற்பத்தில் உண்டு: கீழே சிங்கம், அதன் மேல் கருடன், கருடன் மேல் விஷ்ணு, விஷ்ணுவின் தோளில் லோகேஸ்வரர். யார் யாருக்கு வாகனம் என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை! அரசின் கையும் எப்போதும் சமமாக இருந்ததில்லை. 1854இன் முலுகி ஐன் சட்டம் நாட்டு மக்கள் அனைவரையும், பௌத்தர்களையும் சேர்த்து, இந்துச் சாதி வரிசைக்குள் அடுக்கியது. 1944இல் ராணா ஆட்சி தேரவாத பிக்குகளை நாட்டைவிட்டே வெளியேற்றியது. இவ்வளவுக்கும் நடுவில் ஹாரதி கோயில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை நடத்தியவர்கள் பூசகர்களும் தாய்மார்களும். அந்தப் பெருமை அவர்களுக்குத்தான் சேர வேண்டும்.

புதன், பொக்ரா

பகல் முழுவதும் பஸ். சாலை வேலை நடக்கிறது, புழுதி. ஏரிக்கரையில் இட்லி கிடைத்தது, அத்தைக்குத் திருப்தி.

வியாழன், காக்பேனி

ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. முற்பகல் தாண்டினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும். ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தௌலகிரி, இரண்டும் 8,000 மீட்டருக்கு மேல். நடுவே அந்தச் சிறிய விமானம் புகுந்து போகிறது. இருபது நிமிடத்தில் பச்சை நிறம் முழுவதும் கீழே தங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் சாம்பல் நிற மலை, அகன்ற கல் படுகை, அதன் நடுவில் மெலிந்து ஓடும் கண்டகி.

காக்பேனிக்கு வந்து சேர்வதற்குள் காற்று தொடங்கிவிட்டது. படுகையிலேயே சாளக்கிராமம் விற்கிறார்கள். கருங்கல்லை உடைத்தால் உள்ளே சக்கரம். டெதிஸ் கடலில் வாழ்ந்து மடிந்த அம்மோனைட் உயிரியின் புதைபடிவம். அறிவியல் சொல்லும் அந்த வரலாற்றை அத்தைக்கு விளக்கினேன். "பாற்கடலில் இருப்பவன் கடலிலிருந்து வந்தான் என்றால் அதில் என்ன அதிசயம்?" என்றார். உடைக்காத முழுக் கல்லாக ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டார்.

ஊருக்குள் மண்வீடுகள், இருட்டுச் சந்துகள். சந்து முனையில் ஆளுயர மண்ணுருவம் ஒன்று விழித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கேனி என்ற காவல் தெய்வம். ஆண் உருவம் ஓரிடத்தில், பெண் உருவம் ஓரிடத்தில். பேய் பிசாசை ஊருக்குள் விடாமல் தடுப்பது அவற்றின் வேலை. இரண்டு பெரிய மதங்களுக்கும் மூத்த நம்பிக்கை இது. மேலே செம்மண் பூசிய பெரிய கோம்பா, அதாவது பௌத்த மடம்; திபெத்திய பௌத்தத்தின் சாக்யா மரபினது, 1429இல் நிறுவப்பட்டது. கோம்பாவுக்குக் கீழே ஆறுகள் கூடும் துறையில் இந்துக்கள் பிதுர்களுக்குப் பிண்டம் வைக்கிறார்கள்.

வெள்ளி, முக்திநாத்

ஜீப் ராணிபௌவாவில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து நடை. உயரம் 3,700 மீட்டருக்கு மேல், நாலு படிக்கு ஒரு முறை நின்றுதான் ஏற முடிகிறது. குதிரை கேட்டேன், அத்தை மறுத்துவிட்டார். பின்னால் தோரோங் கணவாய், 5,416 மீட்டர், அதன் மேல் புதுப்பனி.

மதிற்சுவருக்குள் நுழைந்ததும் மரங்கள். இந்த வறண்ட உயரத்தில் திடீரென்று ஒரு நெட்டிலிங்கத் தோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அவை பாப்லர் மரங்கள். திபெத்துக்குப் போகும் வழியில் 84 மகாசித்தர்கள் இங்கே தங்கியதாகவும், அவர்கள் ஊன்றிவிட்டுப் போன கைத்தடிகள் துளிர்த்து மரமானதாகவும் சொல்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டின் குரு ரின்போச்சே, பத்மசம்பவர், தவமிருந்த இடமும் இதுதான் என்பது திபெத்தியர்களின் நம்பிக்கை. அவர்கள் வைத்த பெயர் சுமிக் கியாட்சா, நூறு நீரூற்று. கிளைக்குக் கிளை மந்திரக்கொடி. ஓரத்தில் மந்திரம் பொறித்த உருளைகளான மணிச்சக்கர வரிசை. இரண்டையும் தாண்டினால் மூன்றடுக்குக் கூரையுடன் பெருமாள் கோயில்.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 பித்தளைக் காளைத்தலைகள். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பனி உருகிய நீர். இளைஞர்கள் கத்திக்கொண்டே ஓடிக் குளிக்கிறார்கள். அத்தை ஓடவில்லை. முதல் தாரையின் கீழ் கையை நீட்டி, "திருவரங்கம்" என்று சொல்லித் தலையில் தெளித்துக்கொண்டார். அடுத்ததில் "திருக்கோழி". அடுத்ததில் "திருக்கரம்பனூர்". ஒவ்வொரு தாரைக்கும் ஒரு திவ்ய தேசம், வரிசை பிசகாமல். நீர் அவ்வளவு குளிர்ச்சி. பத்தாவது தாரையிலேயே என் விரல்கள் மரத்துவிட்டன.

எங்களுக்குப் பின்னால் இந்த மலைப்பகுதியான முஸ்தாங்கைச் சேர்ந்த பாட்டி ஒருவர். கோடு போட்ட கம்பளி முன்தானை, கையில் 108 மணி ஜபமாலை. அத்தை ஒரு தாரையில் நின்றால் அவரும் நின்றார். அத்தை நகர்ந்தால் ஒரு மணியை உருட்டிக்கொண்டு அவரும் நகர்ந்தார். முந்திப் போகச் சொல்லிக் கை காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். சோழநாடு முடிந்து பாண்டிய நாடு, மலைநாடு, நடுநாடு, தொண்டைநாடு, வடநாடு என்று அத்தை போய்க்கொண்டிருந்தார். பின்னால் 'ஓம் மணி பத்மே ஹூம்' தாழ்ந்த குரலில் வந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு தாரைகளில் பாற்கடலும் பரமபதமும். பாட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் பிடித்து, மூடியை இறுக்கி, முன்தானையில் துடைத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். அத்தையின் ஈரக் கையைப் பிடித்துத் தன் கம்பளிக்குள் சற்று நேரம் பொத்தி வைத்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.

கர்ப்பக்கிருகக் கதவைத் திறந்தவர் ஒரு பௌத்த பிக்குணி. தலை மழித்து, அரக்கு நிற உடை உடுத்தியவர், இடுப்பில் சாவி. இங்கே பிராமண அர்ச்சகரும் உண்டு. வந்தவர்களுக்கு வெளியே சங்கல்பம் செய்துவைத்துக்கொண்டிருந்தார். ஆனால் சந்நிதியின் அன்றாடப் பராமரிப்பு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிக்குணிகள் கையில்தான். ஆனி என்று அழைக்கிறார்கள். உள்ளே பொன்னிறத்தில் அமர்ந்த கோலத்தில் முக்தி நாராயணர், இருபுறமும் ஸ்ரீதேவி, பூதேவி. பௌத்தர்களுக்கு அவர் சென்ரெசிக், அதாவது அவலோகிதேஸ்வரர்.

எனக்கு ஒரு கவலை இருந்தது. அத்தை மடி ஆசாரம் பார்ப்பவர். ஊரில் தீர்த்தம் யார் கையால் வாங்குவது என்பதில் கண்டிப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து வாழை நாரில் கட்டி எடுத்துவந்த திருத்துழாய், வழியில் காய்ந்து போயிருந்தது. அதை ஆனியிடம் நீட்டினார். ஆனி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "துளசி" என்றார். நாரைப் பிரித்து, பாதி பாதத்தில் வைத்தார், பாதியை எடுத்து அத்தையின் கையிலேயே திருப்பித் தந்தார். பிறகு செப்புச் சொம்பிலிருந்து உத்தரணியால் தீர்த்தம். அத்தை வலக்கையைக் குழித்து வாங்கி, கண்ணில் ஒற்றி, பருகினார். வெளியே வந்த பிறகு, "பாதத்தில் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை பேர் அப்படி வைக்கிறார்கள்?" என்றார். ஊர்க் கோயில் ஒன்றில் அவசரமாகத் துளசியை வீசிவிட்டுப் போன சம்பவம் அவர் மனதில் இன்னும் ஆறவில்லை.

ஆனியிடம் இந்தியில் கேட்டேன்: நீங்கள் உள்ளே யாரைக் கும்பிடுகிறீர்கள்? "எனக்கு சென்ரெசிக். ஆமாவுக்கு நாராயணர்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தீர்த்தம் கொடுக்கப் போய்விட்டார். காலையில் பெருமாளுக்கு விளக்கேற்றும் அதே கை மாலையில் கோம்பாவில் வெண்ணெய் விளக்கு ஏற்றுகிறது. அதற்காக அவர் வைணவராக வேண்டியதில்லை. தீர்த்தம் வாங்கியதற்காக அத்தை பௌத்தராகவும் வேண்டியதில்லை. இரண்டு நம்பிக்கைகளும் முழுசாக இருக்கின்றன, ஒரே கதவு வழியாகப் போய்வருகின்றன. காத்மாண்டுக் கடைக்காரர் சொன்னதும் இதைத்தான்.

அங்கிருந்து தெற்கே கொஞ்சம் இறங்கினால் ஜ்வாலா மாயி, திபெத்தியர்களுக்கு மேபார் கோம்பா. வந்தவர்களில் பாதிப் பேர் இங்கே வருவதே இல்லை. பீடத்தின் மேல் சென்ரெசிக் திருவுருவம். அதன் அடியில் சின்னக் கம்பிவலைக் கதவு, திரைச்சீலை. ஆனி ஒருவர் திரையை விலக்கி, குனிந்து பார்க்கச் சொன்னார். மண்டியிட்டால்தான் தெரிகிறது: இருட்டுக்குள் கட்டைவிரல் நீளத்துக்கு நீலச் சுடர். அதன் கீழே நீர் ஓடும் சத்தம். பூமிக்குள்ளிருந்து கசியும் இயற்கை வாயு எரிகிறது, பக்கத்திலேயே ஊற்று. நீரின் மேல் பிரமன் வளர்த்த வேள்வித் தீ என்று இந்துக்கள் கைகூப்புகிறார்கள். நீரும் நிலமும் நெருப்பும் ஓரிடத்தில் கூடிய புனிதம் என்று பௌத்தர்கள் நெற்றியைத் தரையில் வைக்கிறார்கள். அத்தை இரண்டையும் செய்தார்.

சனி, காக்பேனி

அதிகாலையில், காற்று எழுவதற்கு முன், துறைக்குப் போனோம். சித்வான் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று பிண்டம் வைத்துக்கொண்டிருந்தது. தந்தைக்கு முதலாண்டுக் காரியம் என்றார் மூத்த மகன். பார்லி மாவு உருண்டை, எள், தர்ப்பை. முடித்து எழுந்ததும் நேரே மேலே ஏறிக் கோம்பாவுக்குப் போய் அதே தந்தையின் பெயரில் வெண்ணெய் விளக்கு ஏற்றச் சொன்னார்கள். குட்டிப் பிக்கு ஒருவன் பெயரைத் திபெத்திய எழுத்தில் காகிதத்தில் எழுதிக்கொண்டான். உச்சரிப்பை இரண்டு முறை கேட்டுத் திருத்திக்கொண்டான்.

எங்கள் விடுதிக்காரம்மா பௌத்தர். நேபாள இந்துக்களின் நவராத்திரிப் பண்டிகையான தசைனுக்கு டீக்கா வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். சிறுவயதில் வீட்டில் வைப்பார்களாம். இப்போது இல்லை, ஆனால் ஜோம்சோமில் இருக்கும் இந்துத் தோழி வந்தால் மறுப்பதில்லை என்றார். 1990க்குப் பிறகு பல பழங்குடிச் சமூகங்கள் தசைனை அரசு தங்கள்மேல் சுமத்திய பண்டிகை என்று சொல்லி ஒதுக்கின. அவர்களுடைய அந்த மறுப்பையும் நான் மதிக்கிறேன். வற்புறுத்தல் விலகிய பிறகும் தோழியின் கையால் வைத்துக்கொள்ளும் டீக்காவைத்தான் உண்மையான உறவாக எண்ணுகிறேன்.

இந்த வழியில் வரப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குழுவாக வரும் யாத்திரைகளில் தாரைக்கும் தரிசனத்துக்கும் சேர்த்து அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி இரண்டு மணி நேரம் கேளுங்கள். ஜோம்சோமிலோ காக்பேனியிலோ ஓர் இரவு தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொண்டு ஏறுங்கள். ஜ்வாலா மாயிக்குக் கட்டாயம் போங்கள். மணிச்சக்கரங்களை வலமாகச் சுற்றுங்கள், மந்திரக்கொடியை மிதிக்காதீர்கள். உண்டியலில் போடுவதில் ஒரு பங்கை கோம்பா விளக்குக்கென்று ஆனிகள் கையில் கொடுங்கள். பனிக்காலத்தில் யாத்திரீகர்கள் இறங்கிப்போன பிறகும் நாராயணரின் கதவைத் திறந்து விளக்கேற்ற ஆள் வேண்டும்.

நாளை காலை ஜோம்சோமிலிருந்து விமானம். வானம் தெளிவாக இருந்தால் மதியம் பொக்ரா.